சென்ட்ரிங் பிரித்த நாள்

உத்தமபாளையம்,
8 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள ஜோதி,

நலமாக இருக்கிறாயா? மேகமலையில் உன் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டவர் வரப்போவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பஸ் கண்டக்டர் கையில் கடிதத்தைக் கொடுத்தால் உன் வாசலிலேயே இறக்கிவிடுகிறார், அது போதும். கல்லூரி விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டே துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டவர்கள்தானே நாம்.

முதல் செய்தி, உன் வீட்டுக்காரர் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டார். கட்டுமானக் கம்பெனிக்காரர்களிடம் நான் பேசியது வீண் போகவில்லை. அவருடைய கோயம்புத்தூர் அனுபவத்தைப் பார்த்ததும் சைட் எஞ்சினியராகவே எடுத்துக்கொண்டார்கள். வேலை ஆட்கள் இருக்கும்போது என்னை 'மேடம்' என்கிறார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'சொல்லுங்க சார்' என்கிறேன். யாரும் இல்லாவிட்டால் பழையபடி மதன் அண்ணன்தான்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம் தரையை விட்டு எழும்பத் தொடங்கியாயிற்று. சுருளிப்பட்டிப் பக்கம் வெறும் கரடாகக் கிடந்த இடம் அது. நாலு தளம், முழுக்க ஆராய்ச்சிக் கூடங்கள். கீழ்த்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஓர் அறை. வெளியே லாரி போனால்கூட அந்தக் கருவி அதிரக் கூடாதாம், அதனால் அந்த அறைக்கு மட்டும் தரை தனி, அஸ்திவாரம் தனி. எங்கள் அத்தாவின் திராட்சைத் தோட்டத்தில் செவட்டை நோய் விழுந்தபோது இலைகளை பெங்களூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பதில் வந்தபோது கொடியே இல்லை. இனிமேல் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அப்படிக் காத்திருக்க வேண்டாம். இதற்காக நான் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இப்போது கட்டடப் பொறுப்பாளர் என்று என் பெயரையே போட்டுவிட்டார்கள். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அட்டைக்கடிக்கு உப்பு வைத்துக்கொள்.

உன்
பெனாசிர்

-

மேகமலை,
25 ஆகஸ்ட் 2024.

அன்பு பெனாசிர்,

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு உன் கடிதத்தை மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். நீ செய்தது சாதாரண உதவி இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாராவாரம் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

வாராவாரம் என்று எழுதிவிட்டேனே தவிர, போன ஞாயிறு வரவில்லை. கேட்டால், 'கான்கிரீட் லாரி வந்துச்சு, மேஸ்திரி இருக்கச் சொன்னாரு' என்கிறார். மேஸ்திரி சொன்னால் எஞ்சினியர் இருக்கணுமா? இதுதான் அவரோடு எனக்குள்ள வம்பு. அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. கோயம்புத்தூரிலும் அடுத்தவர் வேலையையெல்லாம் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்பதில் எனக்கு நிம்மதி. கொஞ்சம் பார்த்துக்கொள்.

இங்கே ஓயாத மழை. துணி காய்ந்து பத்து நாள் ஆகிறது. போன வாரம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நான்தான் அவர்களை மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நோன்புக் கஞ்சிக்கு இந்தத் தடவை நிச்சயம் வருவேன்.

உன்
ஜோதி

-

உத்தமபாளையம்,
3 நவம்பர் 2024.

அன்புள்ள ஜோதி,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. தூங்குவதற்கே நேரமில்லை. தில்லியிலிருந்து ஒரு குழு பதினான்காம் தேதி வருகிறது. நுண்ணோக்கி அறை தயாராக இருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் கருவி நமக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருக்கிற வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். கருவி இல்லாத அந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறைக்கு மேலே கான்கிரீட் ஸ்லாப் போட்டாயிற்று. ஆனால் அதைத் தாங்குகிற பலகைகளும் இரும்பு முட்டுகளும் அறைக்குள் காடு மாதிரி நிற்கின்றன. சென்ட்ரிங் என்கிறார்கள். அதைப் பிரித்தால்தான் தரை போட முடியும். உன் வீட்டுக்காரரோ, 'இன்னும் ஒரு வாரம் விடணும் மேடம். இந்த மழ ஈரத்துல கான்கிரீட்டு சீக்கிரம் எறுகாது' என்று ஒரே பிடியாக நின்றார். நேற்று எல்லாரும் போன பிறகு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசினேன்.

'அண்ணே, மேடம்னு நெனைக்காதீக. ஜோதி வீட்டுக்காரரா நெனச்சுக் கேக்குறேன். உங்கள இங்கன கொண்டாந்தப்ப நான் கம்பெனிக்காரக கிட்ட எப்படிப் பேசினேன்? எனக்காக இது ஒண்ணு செய்ங்க.'

டீயைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், 'சரி, பாத்துப் பிரிப்போம்' என்று எழுந்து போய்விட்டார். அவரை அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் எஞ்சினியர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நாள் கேட்பார்கள் என்று எல்லாருமே சொல்கிறார்கள். புதன்கிழமை பிரிக்கிறார்கள். குழு வந்து போனதும் அவரை ஒரு வாரம் மேலே அனுப்பிவைக்கிறேன், போதுமா?

உன்
பெனாசிர்

-

உத்தமபாளையம்,
8 நவம்பர் 2024.

ஜோதி,

எஸ்டேட் ஆபீஸ் போனில் உனக்குச் செய்தி வந்திருக்கும். மதன் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் நம்பு. முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி.

புதன்கிழமை காலையில் சென்ட்ரிங் பிரிக்கத் தொடங்கினார்கள். நான் துணைவேந்தர் அறையில் இருந்தேன். பாதி முட்டு எடுத்தபோது மேற்கு மூலையில் ஸ்லாப் இறங்கிவிட்டது. ஆட்கள் எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். உள்ளே பலகை பொறுக்கிக்கொண்டிருந்த சித்தாள் மாரீஸ்வரி மட்டும் மாட்டிக்கொண்டாள். மயிலாடும்பாறைப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கானாவிலக்கு ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் மதன் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலமே விட்டுவிட்டார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறது. குழு எல்லாவற்றையும் நியாயமாக விசாரிக்கும்.

அவர் மேலே வருகிறார். கேள்வி கேட்காமல் சோறு போடு. வேறு எழுத வரவில்லை.

பெனாசிர்

-

மேகமலை,
20 நவம்பர் 2024.

அன்பு பெனாசிர்,

வந்து சேர்ந்தார். நீ சொன்ன மாதிரியே கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர்பாட்டுக்குக் காலையில் எழுந்து தேயிலைக்குள் நடக்கப் போகிறார், மத்தியானம் வருகிறார், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சை இழுத்த சத்தத்துக்கு இவர் வாசலில் இருந்து உள்ளே ஓடிவந்துவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

மாரீஸ்வரியைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கல்யாணமான பெண்ணா? பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நீ போய்ப் பார்த்தாயா?

ஒரு விஷயம் கேட்கணும். கோபித்துக்கொள்ளாதே. மூன்றாம் தேதி எழுதியபோது டீ வாங்கிக் கொடுத்து நீ அவரிடம் பேசியதை எழுதியிருந்தாய். எட்டாம் தேதி எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும். விசாரணைக் குழு உன்னைக் கூப்பிட்டார்களா? நீ என்ன சொன்னாய்? இவரைக் கேட்டால், 'அவுக என்ன சொல்லணுமோ சொல்லியிருப்பாக' என்று எழுந்து போய்விடுகிறார். உன்னை அவர் 'அவுக' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

குளிர் கூடிவிட்டது.

உன்
ஜோதி

-

உத்தமபாளையம்,
2 டிசம்பர் 2024.

அன்புள்ள ஜோதி,

உன் கடிதம் பத்து நாளாகக் கைப்பையில் இருக்கிறது. நீ கோபத்தோடு கேட்டிருந்தால் உடனே பதில் எழுதியிருப்பேன். கோபித்துக்கொள்ளாதே என்று நீ என்னிடம் கேட்கிறாய்.

என்னைக் கூப்பிட்டார்கள். 'சென்ட்ரிங் பிரிக்கச் சொல்லி நீங்கள் உத்தரவு கொடுத்தீர்களா?' என்று கேட்டார்கள். 'இல்லை, அது எஞ்சினியர் எடுக்கிற முடிவு' என்றேன். எழுதிக்கொண்டார்கள். கிளம்பும்போது துணைவேந்தர், 'நீங்கள் கவலைப்பட வேண்டாம் மேடம், கருவி கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வோம்' என்றார். நான் சொன்னதில் பொய் இல்லை, உத்தரவு கொடுக்கவில்லையே, என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா சோறு எடுத்துவைத்தாள். பசிக்கவில்லை என்று படுத்துவிட்டேன்.

நீ கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மாரீஸ்வரிக்குத் துணையாக அவள் அம்மா மொக்கம்மாள் இருக்கிறார். புருஷன் விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறதாம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார்.

'உக்காருங்க ஆத்தா. நீங்க அந்தக் கட்டடத்துல யாரு?'

'அங்கன வேலை பாக்குறேம்மா' என்றேன். ஜோதி, அதுவும் பொய் இல்லைதான்.

மாரீஸ்வரி நன்றாகவே பேசினாள். 'கரகரன்னு ஒரு சத்தம். எல்லாரும் வெளிய ஓடுறாக. எஞ்சினியர் சாரு மட்டும் உள்ள ஓடியாந்தாக. என் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்தாக. இல்லாட்டி இடுப்போட போயிருக்கும், காலோட போச்சு. அவுகளப் போயி போலீசு கூட்டிட்டுப் போச்சாமே, எதுக்கு மேடம்?'

'விசாரணை நடக்குதும்மா' என்றேன். கொண்டுபோன பழப்பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மதன் அண்ணன் உள்ளே ஓடினார் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. இதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

பெனாசிர்

-

உத்தமபாளையம்,
21 டிசம்பர் 2024.

அன்புள்ள ஜோதி,

நீ பதில் எழுதவில்லை. எழுதாததும் ஒரு பதில்தான்.

போன திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமல், நானாகவே விசாரணைக் குழுவிடம் போனேன். தலைவர் நல்ல மனிதர். 'மேடம், இத எழுத்துல குடுத்தா உங்களுக்குத்தான் கெடுதல். யோசிச்சுக்கங்க' என்றார். யோசித்து யோசித்துத்தான் இத்தனை நாளைக் கடத்தியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தேன். எஞ்சினியர் ஒரு வாரம் கேட்டார், நான்தான் வற்புறுத்தினேன், வேலை வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டி மறுக்க முடியாதபடி செய்தேன், முழுக் குற்றமும் என்னுடையது, எஞ்சினியருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதினேன்.

கட்டடப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இயற்பியல் துறை கிருபாவதிதான் இனிப் பார்த்துக்கொள்வார், கெட்டிக்காரி. நான் பழையபடி வகுப்பெடுக்கிறேன். தில்லிக் குழு வருகையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு தொலைபேசியில் தள்ளிவைத்தார்கள், ஜோதி. அதை நான் முன்பே கேட்டுப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். நான் யார் என்பதையும் என்ன செய்தேன் என்பதையும் மாரீஸ்வரியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மொக்கம்மாள் அவள் போர்வையைச் சரிசெய்தார். அப்புறம், 'போங்க ஆத்தா. இன்னிக்குப் போங்க' என்றார்.

மதன் அண்ணன் மேல் இனி ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். அவரிடம் சொல். முடிந்தால் எனக்கு இரண்டு வரி எழுது.

உன்
பெனாசிர்

-

மேகமலை,
10 ஜனவரி 2025.

பெனாசிருக்கு,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

'எனக்குப் பங்கு இல்லைன்னு எழுத அவுக யாரு? நான் எஞ்சினியர். கான்கிரீட்டு எறுகலைன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிரிங்கன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். டீ வாங்கிக் குடுத்து ஒருத்தர் கேட்டதுக்காக ஒரு பிள்ளையோட காலைக் குடுத்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இங்கன உக்காந்திருக்கவா?'

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனார். நீ கொடுத்த அதே குழுவிடம், பிரிக்கச் சொன்னது நான்தான், வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனி வேலையை விட்டே நீக்கிவிட்டது. போலீஸ் போட்ட வழக்கு கோர்ட்டில் இருக்கிறது, நடக்கும். திரும்பி வந்த அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது என் பங்கு. நீ அவசரப்பட்டதை நான் புரிந்துகொள்வேன். அத்தாவின் தோட்டம் கருகியதை நானும்தானே பார்த்தேன். பயத்தில் ஒரு மாதம் வாய் மூடி இருந்தாய், அதையும் என்றாவது பொறுத்துக்கொள்வேன். எனக்குத் தாங்காதது ஒன்றுதான். மேடமாக நீ கேட்டபோது அவர் மறுத்தார். அவரால் மறுக்க முடிந்தது, பெனாசிர். அப்புறம் நீ அண்ணே என்று கூப்பிட்டாய், என் பெயரைச் சொன்னாய். யாரிடமும் முடியாது என்று சொல்ல வராதவர் என்று உனக்கு எழுதியவள் நான். பார்த்துக்கொள் என்று எழுதினேன். மாரீஸ்வரியின் கால் போனதில் என் பெயரும் இருக்கிறது. அதை நானாக வைக்கவில்லை.

இனி எழுதாதே. கண்டக்டரிடமும் சொல்லிவிட்டேன். கோபம் தீர்ந்தால் நானே எழுதுகிறேன்.

ஜோதிலட்சுமி

-

மேகமலை,
29 ஜூன் 2025.

பெனாசிருக்கு,

கோபம் தீர்ந்ததும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். தீருகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அவர் எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை எடுத்துக் கட்டுகிற வேலையில் இருக்கிறார். சின்னச் சின்ன வீடுகள், மேலே சின்ன ஸ்லாப். மானேஜர் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி ஆள் அனுப்பினால், 'முடியாது' என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். பிரிக்கிற நாளில் மட்டும் காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். நானும் வற்புறுத்துவதில்லை.

போன மாதம் இரண்டு பேரும் மயிலாடும்பாறைக்குப் போயிருந்தோம். அவர் தனியாகப் போகப் பயந்தார். மாரீஸ்வரி செயற்கைக் கால் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். 'வாங்க சார்' என்றாள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அவள்தான் பேசினாள். 'கையைப் பிடிச்சு இழுத்தது நெசந்தான். பிரிக்கச் சொன்னதும் நீங்கதான்னு அப்புறம் சொன்னாக. ரெண்டையும் நான் எங்கிட்டு வைக்கிறது சார்? ஒருநா நல்லவர்னு தோணுது, ஒருநா கையில கெடைச்சதை எடுத்து எறியணும்னு தோணுது.' அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதேதான் தோன்றுகிறது, வேறொருத்தியைப் பற்றி, என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

நீ மாதாமாதம் அங்கே வருகிறாய் என்று மொக்கம்மாள் சொன்னார். முதலில் வாசலிலேயே நிற்கவைத்தார்களாம், இப்போது உள்ளே விடுகிறார்களாம். பல்கலைக்கழக நாற்றங்காலில் மாரீஸ்வரிக்கு வேலைக்குக் கேட்டிருக்கிறாயாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். நன்றாக யோசிக்கட்டும், நீ அவசரப்படுத்தாதே.

கட்டடத்தின் கீழ்த்தளத் திறப்பு விழாப் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். அழைப்பிதழில் உன் பெயர் இல்லை. படத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு நீல முக்காடு தெரிந்தது. நீதானா என்று பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். தெரியவில்லை.

இவர் அந்த மேற்கு மூலையைப் பார்க்கணும் என்கிறார். புதிதாகப் போட்ட ஸ்லாப்புக்குக் கீழே ஒரு தடவை நிற்கணுமாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இறங்குகிறோம். செக்யூரிட்டி அவரை உள்ளே விடுவார்களோ என்னவோ, கூட்டிக்கொண்டு போக உள்ளே வேலை பார்க்கிற ஆள் ஒருத்தர் வேண்டும்.

நீ கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நில். உன்னைப் பார்த்ததும் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. பேசாமலேயே திரும்பினாலும் திரும்பிவிடுவேன். இருந்தாலும் வந்து நில்.

ஜோதி